மணலுக்குக் கட்டிய மூட்டை

ஞாயிற்றுக்கிழமை தனக்கே சொந்தம் என்பதில் சீவரத்தினத்தார் மிக உறுதியாக இருந்தார். மற்ற நாட்களை யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்துவிடுவார். ஐந்து நாள் நில அளவைக் கந்தோரில் படம் கீறும் மேசைக்கு. சனிக்கிழமை வெங்காயத் தோட்டத் தறைக்கு. ஏழாம் நாள் வந்ததென்றால் மனுஷனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. கோப்பாய்ச் சந்தியடியில் அருட்பிரகாசத்தின் கராச்சுக்குப் போய், கழற்றிப் போட்ட எஞ்சின்களுக்கு நடுவில் ஒரு நீட்டு மர வாங்கில் இருந்து, மத்தியானம் வரை வாய் ஓயாமல் கதைத்தால்தான் அடுத்த ஆறு நாளும் மூச்சு விட முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக் கொடுத்தது மணல்.

அவருடைய மனைவி இராசமலர் குடத்தனைக்கும் அப்பால் பிறந்தவள். வல்லிபுரக் கோயிலைத் தாண்டிப் போய் ஒரு பெரிய மணல் மேட்டில் ஏறி இறங்கினால் அவளுடைய ஆட்கள். இரண்டு அண்ணன்மார், மூன்று தங்கச்சிமார், ஒரு தாய், எண்ணி முடியாத பிள்ளைகள். ஒன்றுக்குக் காது குத்து, ஒன்றுக்குச் சாமத்தியம், ஒன்றுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. சீவரத்தினத்தார் தாலி கட்டியது ஒருத்திக்கு. வாய்த்தது ஒரு கிராமம். கலியாணம் முடித்த நாள் முதல் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கிராமத்தில்தான் செத்துக் கொண்டிருந்தன.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கிப் பெற்றோல் வருவது நின்றபோது ஊரே தலையில் கை வைத்தது. சீவரத்தினத்தார் மட்டும் உள்ளுக்குள் சிரித்தார். கண் மருந்துப் போத்தலால் காபரேற்றருக்குள் ஐந்தாறு துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினால் அவருடைய மோட்டார் சைக்கிள் புகை கக்கிக்கொண்டு ஓடியது. ஓடியதைப் பார்த்த கையோடு அவர் வீட்டில் ஒரு பிரகடனம் செய்தார். மண்ணெண்ணெயில் ஓடுகிற வண்டி தார் றோட்டில் ஓடும், மணலில் இழுக்காது, இழுத்தால் எஞ்சின் வெடித்துப் போய்விடும். இராசமலர் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். சரி என்றாள். அதன் பிறகு மூன்று வருடமாக அவள் பஸ்சில் போய் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேடேறித் தன் ஆட்களிடம் போய் வந்தாள். சீவரத்தினத்தார் கராச்சுக்குப் போய் வந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த வாங்கில் இருந்துதான் கெட்டார்.

ஒரு ஞாயிறு கராச்சில் கூட்டாளி முருகேசும் இருந்தான். தன்னுடைய வண்டியை அந்த மணல் மேட்டில் பாதி வரை ஏற்றிப் புதைத்து, நாலு பேர் பிடித்துத் தூக்கி எடுத்த கதையைச் சொன்னான். மண்ணெண்ணெய் வண்டியால் அந்த மேட்டில் ஏறப் பிறந்தவன் இல்லை என்றான் அருட்பிரகாசம். சீவரத்தினத்தார் அதை ஒப்புக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அது அவருடைய சொந்தக் கொள்கையும்கூட. ஆனால் வடமராட்சி கிழக்கைக் காகிதத்தில் எத்தனையோ தரம் கீறியவர் அவர். கந்தோரில் மணலுக்கு அடையாளம் புள்ளி. ஆயிரக்கணக்கான புள்ளி குத்தியவனுக்குத் தெரியாத மணலா என்று ஒரு நினைப்பு வந்தது.

“பிழை வண்டியிலை இல்லை. ஓடினவனிலை,” என்றார்.

அருட்பிரகாசம் கையில் இருந்த சாவியைக் கீழே வைத்தான். “அப்ப நீங்கள் ஏறுவியளோ, அண்ணை?”

“ஏறுவன்.”

“ஏறாட்டில்?”

“ஏறாட்டில் இந்தக் கராச்சிலை நான் இனி வாய் திறக்கேல்லை. காணுமே?”

போதும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த அவசரம் அவருக்குக் கொஞ்சம் நோகத்தான் செய்தது. வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேட்டடியில் சந்திப்பது என்று முடிவாயிற்று.

வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் அவருக்குச் சிக்கல் விளங்கியது. ஏறாவிட்டால் வாய் போய்விடும். ஏறினது இராசமலருக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆகவே ஏறவும் வேண்டும், அவளுக்குத் தெரியவும் கூடாது. உச்சி வரை போய், அந்தப் பக்கம் தலை காட்டாமல், அப்படியே திரும்பி இறங்கிவிட வேண்டும்.

அவருடைய நல்ல காலம், அடுத்த ஞாயிறு இராசமலரின் கடைசித் தங்கை பாலேஸ்வரியின் குழந்தைக்கு முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. வாறியளோ என்று இராசமலர் அன்று பின்னேரம் கேட்டாள். மணல், என்றார் அவர். அவள் சரி என்றாள். அவள் எப்படியும் சனிக்கிழமையே பஸ் ஏறிவிடுவாள், காலையில் அந்தப் பெண்டுகள் எல்லாம் அடுப்படியில் நிற்கும், மேட்டை நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அப்படி அவள் போகாமல் நின்றாலும் அவரிடம் இன்னொரு துருப்புச் சீட்டு இருந்தது. பயணம் வெளிக்கிடுகிறவரை ‘எங்கே’ என்று கேட்கக்கூடாது என்பது ஊர் வழக்கம். மற்றவர்களுக்கு அது வழக்கம். இராசமலருக்கு அது வேதம். அவளுடைய சித்தப்பா காணி வழக்கொன்றுக்காகக் கோட்டுக்கு வெளிக்கிட்டபோது, படலையடியில் யாரோ ‘எங்கை’ என்று கேட்டு, காணியும் போய், கோட்டு வாசலில் கழற்றி வைத்த செருப்பும் போனதாம். அவள் ‘தூரமோ?’ என்று மட்டும் கேட்பாள். அவர் ‘உதிலை’ என்று, பக்கத்தில்தான் என்கிற மாதிரிச் சொல்வார். பத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் போகிற இடம் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாமல் தப்பியது இந்த ஒரு வழக்கத்தால்தான்.

திங்கட்கிழமை சாமான் கட்டத் தொடங்கினார். விறகு அடுக்குக்குப் பின்னால் ஓர் உரப்பை. அதற்குள் ஒரு மண்வெட்டி, முப்பது முழக் கயிறு, அருட்பிரகாசத்திடம் இரவல் வாங்கிய வெல்டிங் கண்ணாடி, கந்தோரில் இருந்து கொண்டுவந்த திசைகாட்டி, மேட்டடியில் ‘ஞாயிறு எட்டு மணி, கராச்சு ஆட்கள்’ என்று குறித்துத் தானே கீறிய வரைபடம், வழி தவறினால் ஊதுவதற்கு ஒரு விசில், ஒரு மழைக்கோட்டு. மழை பெய்து இரண்டு மாதம். ஆனாலும் பெரிய பயணம் போகிறவர்கள் மழைக்கோட்டு கொண்டுபோவதாக எங்கேயோ படித்திருந்தார். கட்டி முடித்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். உலகம் கடும் பச்சையாய்த் தெரிந்தது. அதில் விறகு அடுக்குத் தெரியவில்லை. அதில் இடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தபோது பைக்குள் மண்வெட்டி இல்லை. அது கழுவித் துடைத்துத் தோட்டத்து மூலையில் தன் பழைய இடத்தில் சாத்தியிருந்தது. பைக்குள் இரண்டு பழைய சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

தானே மாற்றிவிட்டு மறந்துபோனேனோ என்று யோசித்தார். வயதும் நாற்பத்தெட்டு. அடுப்படியில் இராசமலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

புதன்கிழமை அவர் துப்பறியப் புறப்பட்டார். இராசமலரின் தகப்பன் உயிரோடு இருந்த காலத்தில் அந்த மணலுக்குள் மாட்டு வண்டில் விட்டவர். அவள் தேங்காய் துருவும்போது மெல்லப் பக்கத்தில் போய் நின்றார்.

“இஞ்சரும், உம்மடை அப்பா மணலுக்குள்ளாலை எப்பிடி வண்டில் விட்டவர்?”

“ஏன், கந்தோரிலை வண்டில் குடுக்கப் போகினமோ?”

“சும்மா. ஒரு படம் கீறிறன்.”

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொன்றாகச் சொன்னாள். விடிய வெள்ளணப் போகவேணும்; பனி ஈரத்தில் மணல் இறுகி நிற்கும். இடையில் நிற்கக்கூடாது, வளைக்கக்கூடாது. ரயரில் கொஞ்சம் காற்றுக் குறைக்க வேணும். புதைந்தால் தோண்டக்கூடாது, தோண்டத் தோண்டக் கீழே போகும், சாக்கை விரித்து அதற்கு மேலால் எடுக்க வேணும். எல்லாத்துக்கும் மேலாகப் பின்னுக்குப் பாரம் வேணும். முன்சில்லு மணலைக் குத்தாமல் மேலால் போகும்.

சீவரத்தினத்தார் சுவருக்கு மறுபக்கம் போய் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு சுலபமாகக் கறந்துவிட்டேனே என்று நினைத்தார். மாமனாரின் வண்டில் மரச்சில்லு வண்டில், அதற்கு ஏது காற்று என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அது தோன்றியது வியாழக்கிழமை, கந்தோரில், ஒரு குளத்துக்கு நீல மை தீட்டிக்கொண்டிருந்தபோது. குளம் கரை கடந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து பையைப் பார்த்தார். திசைகாட்டி போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு சைக்கிள் பம்பும், பிளக் கழற்றுகிற சாவியும், வெண்மையாகத் தேய்த்த ஒரு பிளக்கும். வெள்ளிக்கிழமை மழைக்கோட்டும் விசிலும் போய், ஒரு போத்தல் தண்ணீரும், இரண்டு பக்கமும் நாடா தைத்த ஒரு சீலைத் துண்டும் வந்திருந்தன. சீலைத் துண்டைப் பலவாறு பிடித்துப் பார்த்தார். வாய்க்குக் கட்டுவதோ, மூக்குக்குக் கட்டுவதோ என்று புரியவில்லை. கடைசியில் வண்டிக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால், எஞ்சின் மூச்சு இழுக்கிற வாய்க்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மணல் உள்ளே போகாமல்.

அவள் கேட்டால் சமாளிக்கலாம். சண்டை பிடித்தால் தானும் பிடிக்கலாம். ஒன்றும் கேட்காமல், போகிற இடத்துக்குச் சரியான சாமானை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வருகிற பெண்சாதியை ஒரு மனுஷன் என்ன செய்வது? அவருக்குப் பயம் வந்துவிட்டது. முற்றத்துக்கும் கிணற்றடிக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டு நாயே அவரைப் பார்த்துக் களைத்துப் படுத்துவிட்டது. கடைசியில், சொல்லிவிட்டால் நிம்மதி என்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“என்னப்பா, நான் ஞாயிற்றுக்கிழமை...”

“சொல்லாதேங்கோ.”

“நீர் கேக்கேல்லைத்தான். எண்டாலும்...”

“கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. போற காரியம் கெட்டுப் போம்.” இராசமலர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கையில் இருந்த மிளகாய்த்தூளையும் அவள் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை பஸ் போகும் நேரம் வந்தது. பஸ் போயும் விட்டது. இராசமலர் கொடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்சுக்குப் போகேல்லையோ என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். முப்பத்தொன்றுக்குப் போகேல்லையோ என்றார். அது நாளைக்குத்தானே என்றாள்.

ஞாயிறு விடிந்தது. பனி இருந்தது. சீவரத்தினத்தார் பையை வண்டியின் தாங்கியில் கட்டி, கண் மருந்துப் போத்தலால் துளி துளியாக விட்டு, உதைத்தார். மூன்றாம் உதைக்கு எஞ்சின் பிடித்தது. புகை முற்றமெல்லாம் பரவி மெல்லக் கலைந்தபோது, அதற்குள் இருந்து இராசமலர் வெளிப்பட்டாள். நீலப் பட்டுச் சேலை. தலையில் பூ. கையில் குழந்தைக்கு வாங்கின சட்டைப் பொட்டலம், மூடி கட்டின ஒரு பெரிய அலுமினியச் சட்டி.

“தூரமோ?” என்றாள்.

“உதிலை,” என்றார்.

“அப்ப நானும் உதிலை மட்டும் வாறன்.”

“நான் போறது வேறை அலுவலுக்கு.”

“என்ன அலுவலெண்டு நான் கேட்டனானே?”

“பின்னுக்கு ஆள் ஏறினால் வண்டி இழுக்காது.”

“புதன்கிழமை சொன்னனான் எல்லே. பின்னுக்குப் பாரம் வேணும்.”

சொல்லிவிட்டு ஏறி இருந்தாள். பயணத்துக்கு வேண்டிய எல்லாச் சாமானும் வண்டியில் ஏறிவிட்டது.

அச்சுவேலியில் வேறு பக்கம் திருப்புவோமா என்று யோசித்தார். அங்கே மேட்டடியில் நாலு பேர் காத்திருப்பார்கள் என்ற நினைப்பு விடவில்லை. வல்லை வெளியில் வானத்தில் குண்டு விமானம் ஏதும் பறந்து வந்தால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எந்த நாளும் மேலே பார்த்துக்கொண்டு ஓடுகிறவர், அன்றைக்கு ஒருதரமும் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த மௌனம் அதைவிடப் பயமாக இருந்தது. நெல்லியடி கழிந்தது. துன்னாலை கழிந்தது. அவள் எங்கே என்று கேட்கவில்லை. வழிக்கு வழி சேலைத் தலைப்பை மட்டும் சரிசெய்துகொண்டாள்.

மேட்டடியில் அருட்பிரகாசம், முருகேசு, இன்னும் இரண்டு பேர். நீலப் பட்டைக் கண்டதும் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மேட்டை நிமிர்ந்து பார்த்தார் சீவரத்தினத்தார். காகிதத்தில் அது அவருடைய பெருவிரல் அகலம். நேரில் அது வானத்தில் பாதியை மறைத்தது. பார்த்த அந்தக் கணத்தில் அவருக்கு நல்லதொரு யோசனை வந்தது. ஏறாமல் விட்டால் என்ன? பாதியில் புதைந்தால் வாய் போகும். ஆனால் ஞாயிறு மிஞ்சும். பழியைப் பாரத்தில் போட்டால் வாயும் மிஞ்சலாம். நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இரண்டு பேரோடை ஆரும் ஏறேலாது. பாரம் கூடிப்போச்சு.”

“அப்ப நான் இறங்கிறன்,” என்று இராசமலர் உடனே இறங்கினாள். “நீங்கள் தனிய ஏறிக் காட்டுங்கோ. நான் இதிலை நிண்டு பாக்கிறன்.”

பழியைப் போட இடமில்லாமல் போயிற்று. அருட்பிரகாசம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அண்ணைக்கு அக்கா இல்லாமல் ஏலாது போலை,” என்றான். முருகேசு வாய்விட்டே சிரித்தான்.

அந்தச் சிரிப்பு சீவரத்தினத்தாரின் காது வழியாகப் போய் நேரே வலது கையில் இறங்கியது. “ஏறும்,” என்றார் மனைவியிடம். இரண்டு ரயரிலும் அவரே காற்றுக் குறைத்தார். சீலைத் துண்டைக் கட்டினார். இராசமலர் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னுக்குத் தள்ளி இருந்தாள். “நிக்காதேங்கோ, வளைக்காதேங்கோ,” என்று மட்டும் காதுக்குள் சொன்னாள்.

வண்டி ஏறியது. பாதி வரை கும்மாளமாக ஏறியது. முருகேசு புதைந்த இடத்தில் பின்சில்லு வழுக்கி, எஞ்சின் இருமியது. இதுதான் சந்தர்ப்பம், கையைத் தளர்த்து, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமை தப்பும் என்று புத்தி சொன்னது. கீழே யாரோ விசிலடித்தார்கள். புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது, கை முறுக்கிவிட்டது. மணல் வாரியடிக்க, புகை சுற்றியடிக்க, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி உச்சியில் போய் நின்றது.

எதிரே கடல். காலை வெயிலில் அகலமாகக் கிடந்தது. கீழே அருட்பிரகாசம் தலையில் கை வைத்தபடி நிற்பதும், முருகேசு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கைதட்டுவதும் சின்னதாகத் தெரிந்தன. சீவரத்தினத்தாருக்குக் கண் கலங்கியது. நாற்பத்தெட்டு வயதில், மண்ணெண்ணெய் வண்டியில், இத்தனை பேர் ஏலாது என்ற இடத்தில் அவர் நின்றார். அந்த ஒரு நிமிடம் அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். வாயைத் திறந்து மேட்டடியைப் பார்த்து ஏதோ கத்த நினைத்தார்.

அதற்குள் மற்றப் பக்கத்தில் இருந்து கூக்குரல் வந்தது. திரும்பிப் பார்த்தார். மச்சான்மார் இரண்டு பேர், மாமி, மச்சாள்மார், அரைக் கிராமம், மேட்டுக்கு அந்தப் பக்கம் அடிவாரத்தில் கைகாட்டிக்கொண்டு நின்றது. ஒரு மச்சானின் கையில் செம்பும் தண்ணீரும்.

“இவை எப்பிடி இஞ்சை?” என்றார்.

“வியாழக்கிழமை பஸ் கொண்டக்டரிட்டைச் சொல்லி அனுப்பினனான். அத்தான் எட்டரைக்கு மேட்டிலை நிப்பாரெண்டு.”

“நான் ஏறாமல் விட்டிருந்தால்?”

இராசமலர் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “நாலு ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிக்க நீங்கள் ஏறாமல் விடுவியளோ? இறங்கேக்கை பிறேக்கைப் பிடியாதேங்கோ.”

முப்பத்தொன்று வெகு சிறப்பாக நடந்தது. குழந்தையை விட வண்டியைப் பார்க்கத்தான் கூட்டம் கூடியது. அதைத் தொட்டுப் பார்த்தார்கள். சீலைத் துண்டை அவிழ்த்துப் பார்த்தார்கள். தலைவாழை இலையில் முதற் பந்தியில் அவரை நடுவில் இருத்தினார்கள். மாமி இரண்டு தரம் கண்ணைத் துடைத்தாள். சீவரத்தினத்தார் வடையை இலையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

பாயாசம் வந்தபோது பெரிய மச்சான் பக்கத்தில் வந்து குந்தினார். மெல்லத் தொடங்கினார். வாற ஞாயிறு வேலியடைப்பு; ஓலை எல்லாம் வந்து கிடக்கு; கட்ட ஓர் ஆள் குறையுது. அதுக்கடுத்த ஞாயிறு கிணறு இறைப்பு. அதுக்குப் பேந்து அம்மாவை மாதத்தில் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு ஏத்தி இறக்க வேணும். இவ்வளவு நாளும் மச்சானைக் கேக்கவே மனம் வரேல்லை. மணல் எண்டபடியால் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டம்.

சீவரத்தினத்தார் வாயைத் திறந்தார்.

“கரைச்சல் ஒண்டுமில்லை, அண்ணை,” என்று அவருடைய இலையில் இன்னொரு அகப்பை பாயாசத்தை ஊற்றினாள் இராசமலர். “இப்ப அவருக்கு மணலெண்டால் உயிர்.”